பலாபத்வலயில் உட்கார்ந்து கொழும்பில் இருந்த கதை

நான் வேலை பார்த்த மிளகு ஏற்றுமதிக் கொம்பனி மலர் ஒன்று போடுகிறதாம். 'கணினிப் பிரிவின் வளர்ச்சி' என்று எழுதித் தரச் சொல்லி இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள் போன் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பிரிவில் வளர்ந்தது என் மூக்குக்கண்ணாடியின் தடிப்பு மட்டும்தான். அதைச் சொன்னேன். பரவாயில்லை, அதையே எழுதுங்கள் அம்மா என்றார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இனி வருகிற சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் கோப்புகளை விரலால் இழுத்து இங்கிருந்து அங்கே போடுகிறார்கள். அந்தக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் கூரையைக் காட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் கோப்புக்கு ஊர் இருந்தது. எங்கள் கோப்புகள் கொழும்பில், தலைமைக் கந்தோரில், சேர்வர் என்ற ஒரு பெரிய கொம்பியூட்டருக்குள் இருந்தன. நாங்கள் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வீதியோரம், மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வல மிளகு ஸ்டோரின் பின்னறையில் இருந்தோம். நடுவே ஒரு டெலிபோன் வயர் இருந்தது. என் உத்தியோகம் முழுவதும் அந்த வயரில் தொங்கியதுதான்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் ஏ.எல். பரீட்சை, கண்டியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு, அதற்கு ஒரு சான்றிதழ், பிறகு கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள். வகுப்பில் மவுஸ் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். வேலைக்கு வந்து பார்த்தால் அங்கே மவுசே இல்லை.

இருந்தது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். கொழும்பில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்க்க ls என்று அடிக்க வேண்டும். அழிக்க வேண்டுமானால் rm. இந்த rm கெட்ட சாமான். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது, குப்பைக்கூடையில் எடுத்து வைக்காது. அழித்தது அழிந்ததுதான், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. மோடம் என்ற பெட்டி, வால் மிதிபட்ட பூனை மாதிரிக் கத்திக் கொழும்பைக் கூப்பிடும். கத்தி ஓய்ந்ததும் திரையில் நாம் கொழும்புக்குப் போய்விடுவோம். அதற்குப் பிறகு அடிப்பதெல்லாம் கொழும்பு மெஷினில் நடக்கும். லைன் அறுந்தால் நம் மெஷினுக்கே திரும்பி வந்துவிடுவோம். இரண்டு மெஷினையும் அமைத்தவர் தலைமைக் கந்தோர் எஞ்சினியர் பீரிஸ் சார், கொழும்புச் சிங்களவர். மனுஷன் இரண்டையும் அச்சு அசலாக ஒரே மாதிரி அமைத்திருந்தார். அதே கறுப்பு, அதே எழுத்து, கோப்புகளைப் போட்டு வைக்க அதே பெயருள்ள பெட்டகங்கள். லைன் அறுந்ததும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வரும். அதைக் கவனிக்காமல் விட்டால், கொழும்பில் அழிக்கிறோம் என்று நினைத்து நம் வீட்டையே துடைத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் pwd என்று அடித்துக் கேட்கலாம். நாம் நிற்கிற இடம் கொழும்பு என்றோ மாத்தளை என்றோ தொடங்கும் ஒரு வரியாக வரும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சூசை சார். மாத்தளை டவுன்காரர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசையில் செபம் தொடங்கி வைப்பவர். கொம்பியூட்டருக்கு வருமுன் அதே ஸ்டோரில் லொறி ஏற்றுவதை மேற்பார்வை செய்தவர். ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை தோளிலிருந்து இறங்குமுன், தூக்கி வந்தவர் எந்த ஊருக்கு என்று சத்தமாகக் கேட்பார். லொறியில் நிற்பவர் ஊரைச் சொல்வார். பதில் வராமல் மூட்டை இறங்காது. தம்புள்ளைக்குப் போக வேண்டிய மூட்டை கண்டிக்குப் போகாமலிருக்க யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. சூசை சார் அந்த வழக்கத்தைத் தூக்கி வந்து கொம்பியூட்டர் அறையில் இறக்கிவிட்டார்.

ஆகவே எதையாவது அழிக்குமுன் நான் வாய்விட்டு, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்க வேண்டும். pwd அடிக்க வேண்டும். அறையில் இருக்கிற இன்னொருவர் திரையை வாசித்து, "கொழும்புல இருக்க" என்று சொல்ல வேண்டும். பிறகு நான் அழிக்கிற கட்டளையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் என்டர். ஆமென் மட்டும் ஸ்டோர் வழக்கம் இல்லை, அது சூசை சாரின் சொந்தச் சரக்கு.

நான் முருக பக்தை. ஆரம்பத்தில் சரி என்றுதான் சொல்லி வந்தேன். சூசை சார் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஆனால் சரியில் ராகம் இல்லை, ஆமெனில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி நிறுத்திய இடத்தில் கணீரென்று ஆமென் சொல்லிவிட்டேன். மாமியார் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. வீட்டிலும் இதே கூத்துதான். பழைய குழம்பைக் கொட்டப் போகுமுன், நான் எங்கே இருக்கிறேன் என்று என்னையறியாமல் கேட்பேன். அடுப்படியில என்று என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் பதில் சொல்வார். நல்ல மனுஷன்.

சூசை சாருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. திரையில் பழைய வரிகள் நிறைந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. கூட்டாத வாசல் மாதிரி இருக்கிறது என்பார். என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி clear என்று அடித்து எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். முக்கியமான வேலை என்றால் கட்டாயம் துடைப்பார். பூசைக்கு முன் பீடத் துணி மாற்றுகிற பக்தி அதில் தெரியும்.

இனி குரங்குகள். வயர் ஸ்டோர் வளவுக்குள் ஒரு பலா மரத்தை உரசிக்கொண்டு வந்தது. பலா மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் குடும்பம் நடத்தியது. அவற்றுக்கு அந்த வயர் ஊஞ்சல். ஒரு தடியன் ஏறி ஆடினால் போதும், கொழும்பு போய்விடும். வெடி கொளுத்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது யுத்த காலம். வெடி கொளுத்தினால் குரங்கு போகும், ஆமி வரும். ஆகவே முக்கியமான வேலை நடக்கும்போது, மிளகு புடைக்கிற பெண்களின் தலைவி பிலோமினா அக்கா, மண்ணெண்ணெய் டின்னும் அகப்பையுமாக மரத்தடிக்குப் போவார். அவர் தட்டுகிற தட்டில் குரங்கு என்ன, மரமே இடம் மாறும்.

பீரிஸ் சாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவரிடம் போய், குரங்கு ஆடியதால் கோப்பு வரவில்லை என்று எத்தனை தடவை சொல்வது? கடைசியில் முடிவாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு கொன்டேனர் எங்களால் கப்பலைத் தவறவிட்டால், பலாபத்வலயில் கொம்பியூட்டர் பிரிவு கிடையாது, நானும் நான் உட்காருகிற கதிரையும் கொழும்புக்கு மாற்றம்.

அவருக்கு அது ஒரு கதிரை. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் எஸ்டேட் லொறி ஓட்டுகிறவர், கூட வர முடியாது. பிள்ளைகள் சின்னது. எதற்கும் இருக்கட்டும் என்று கொழும்பில் தங்க அறை தேடிச் சிலருக்கு போன் எடுத்துப் பார்த்தேன். குரலைக் கேட்டு அறை இருக்கிறது என்பார்கள். பெயரைக் கேட்பார்கள். புவனேஸ்வரி என்ற தமிழ்ப் பெயர் காதில் விழுந்ததும், இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டாங்க என்பார்கள். நான் பெயரைச் சொல்லுகிற நொடியில் எங்கிருந்தோ ஓடி வந்து அறை எடுக்கிற அந்த ஒருத்தரை எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை, குளியலறையில் போய் அழுதேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மிளகு ஏற்றிய கொன்டேனர் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. அதற்குரிய பத்திரங்களை நானும் சூசை சாரும் நாள்கணக்காக அடித்து எங்கள் மெஷினில் 'ஏற்றுமதி' என்ற பெட்டகத்தில் வைத்திருந்தோம். வேறெங்கும் பிரதி இல்லை. கொழும்புக்கு அனுப்பப் போனால், இடமில்லை என்று அந்த மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே இருந்த 'ஏற்றுமதி' பெட்டகம் பழைய வருஷத்துப் பத்திரங்களால் நிரம்பி வழிந்தது. அவற்றுக்குக் காந்த நாடாவில் பிரதி உண்டு, அழிக்கலாம். பீரிஸ் சார் மற்ற டெலிபோனில் வந்து, பழையதை அழித்துப் புதியதை அனுப்புங்கள், கப்பல் கந்தோர் மூடப் போகிறது என்றார். கடைசியாக, புவனேஸ்வரி பெட்டி கட்டத் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

பிலோமினா அக்காவை மரத்தடிக்கு அனுப்பினோம். மோடம் கத்தியது. கொழும்பு கிடைத்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் எங்க இருக்கேன்?" என்றேன்.

"கொழும்புல இருக்கம்மா" என்று சூசை சார் ராகத்தோடு சொன்னார்.

அப்போது வாசலில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், எங்கள் பேச்சில் சாஜன், நின்றிருந்தார்.

யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். மிளகு ஸ்டோரின் பின்பக்கம் ஒரு தமிழ்ப் பொம்பிளை தினமும் தான் கொழும்பில் இருப்பதாகச் சொல்கிறாள், ஓர் ஆள் ஆமாம் என்கிறான், பிறகு எல்லோரும் சேர்ந்து செபம் செய்கிறார்கள் என்று. சும்மா ஒரு விசாரணை என்று கூட்டிப் போனவர்களைத் தேடி அலைந்த குடும்பங்கள் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளிலேயே இருந்தன. சாஜன் வில்கமுவப் பக்கத்து ஆள், கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. சிங்களத்தில் அடையாள அட்டை கேட்டார். கொடுத்தேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறாய் என்றார்.

நான் என்ன செய்ய? பழக்கம். கண் திரைக்குப் போனது. கொழும்பில் என்றேன்.

இது என்ன இடம் என்றார். பலாபத்வல என்றேன். அப்படியானால் நீ? கொழும்பில். சாஜன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

சூசை சார் நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். வயர், சேர்வர், லொறி மூட்டை, ஊர் கேட்கிற வழக்கம், குரங்கு, கப்பல். கப்பல் போய்விட்டால் இந்தப் பெண்ணைக் கொழும்புக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். ஏற்கனவே கொழும்பில்தானே இருக்கிறாள் என்று சாஜன் கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில், சரி செய்யுங்கள், நான் இருந்து பார்க்கிறேன் என்று கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பார்ப்பதானால் சும்மா பார்க்க முடியாது, நீங்களும் ஒரு சாட்சி, கட்டளையைக் கேட்டு ஆமென் சொல்ல வேண்டும் என்றார் சூசை சார். நான் பௌத்தன் என்றார் சாஜன். புவனா இந்து, அவளே சொல்கிறாள் என்றார் சூசை சார்.

இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போது எங்கள் எல்லோருடைய முகமும் சாஜன் பக்கம் இருந்தது. பிலோமினா அக்காவின் முகமும்தான். பொலிஸ் வந்த செய்தி கேட்டு அக்கா டின்னையும் அகப்பையையும் போட்டது போட்டபடி விட்டு, ஓடி வந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பிடித்துப் போனால் தானும் கூட ஏறுவதாகத் தீர்மானித்தே வந்தாராம், பிறகு சொன்னார். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் மரத்தடியில் யாரும் இல்லை.

மற்ற டெலிபோன் அலறியது. பீரிஸ் சார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கப்பல் கந்தோர் கதவை இழுத்து மூடிவிடும் என்று கத்தியது எனக்கே கேட்டது. சூசை சார் ரிசீவரை வைத்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அந்த அவசரத்திலும் மனுஷன் பக்தியை விடவில்லை. என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி clear அடித்து, திரையைப் பளிச்சென்று துடைத்தார். பிறகு, "அடிம்மா, அடி" என்றார்.

ஏற்றுமதிப் பெட்டகத்தை முழுவதும் அழிக்கிற கட்டளையை அடித்தேன். சத்தமாக வாசித்தேன். பிலோமினா அக்கா ஆமென் என்றார். சூசை சாரும் ஆமென் என்றார். என் விரல் என்டர் மேல் இருந்தது. சாஜன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சூசை சார் அவரைப் பார்த்தார்.

"தெங் கொஹேத இன்னே?" என்றார் சாஜன். இப்போது எங்கே இருக்கிறாய் என்று.

அதைத்தான் நீங்கள் வருமுன்பே கேட்டாயிற்றே, நேரமில்லை என்றார் சூசை சார். சாஜன் அசையவில்லை. அவர் கண்டி ரோட்டில் வருஷக்கணக்காகச் செக் பொயின்டில் நின்றவர். முதல் பொயின்டில் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக அடுத்த பொயின்டில் நாங்கள் யாரையாவது பார்க்காமல் விட்டிருக்கிறோமா என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் செக் பொயின்ட் நியாயம் எனக்கு நியாயமாகப் பட்டது. அடித்திருந்த கட்டளையை எழுத்தெழுத்தாகப் பின்னால் அழித்து, pwd அடித்தேன்.

மாத்தளை என்று வந்தது.

நாங்கள் கொழும்பில் இல்லை. எப்போது திரும்பி வந்தோம் என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு வரியைச் சூசை சார் பக்தியோடு துடைத்துவிட்டிருந்தார். என்டரைத் தட்டியிருந்தால் கொன்டேனரின் பத்திரங்கள், எங்கள் நாள்கணக்கான வேலை, என் பிள்ளைகளோடு நான் இருக்கிற வீடு எல்லாம் ஒரே நொடியில் போயிருக்கும். பிலோமினா அக்காதான் முதலில் "ஐயோ, மரம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சாஜனும் பின்னால் போனார். டின்னை அக்கா தட்ட, பொலிஸ் தடியால் அவர் மரத்தைத் தட்ட, அரசாங்கமே வந்துவிட்டது என்று குரங்குகள் நினைத்திருக்க வேண்டும், மறு வளவுக்குப் போய்விட்டன. மோடத்தைத் திரும்பக் கத்த விட்டோம். அக்கா மரத்தடியிலேயே நிற்க, சாஜன் மட்டும் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று சிங்களத்தில் கேட்டேன். திரையை எழுத்துக் கூட்டி வாசித்து, கொழும்பில் என்றார். பழையதை அழிக்கிற கட்டளையை வாசித்தேன். என்னுடையதோடு மூன்று ஆமென் வந்தது. அதில் சாஜனுடையதுதான் பெரிய சத்தம். பத்திரங்கள் போய்ச் சேர்ந்தன. கொன்டேனர் கப்பல் ஏறியது. சாஜன் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பொம்பிளை கொழும்பில் இருப்பது உண்மைதான், நானே பார்த்தேன் என்று மேலிடத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே சொன்னாரா தெரியாது. பிறகு யாரும் எங்களைத் தேடி வரவில்லை.

ஆனாலும் பீரிஸ் சார் மாற்ற யோசனையைக் கைவிடவில்லை. இந்தத் தடவை தப்பினீர்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். நான் ஒவ்வொரு மாதமும் அந்த அடுத்த தடவைக்குப் பயந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அடுத்த தடவை வேறு விதமாக வந்தது. தலைமைக் கந்தோருக்குக் கிட்டவாக ஒரு குண்டு வெடித்தது. கந்தோரில் யாருக்கும் காயமில்லை, கண்ணாடி ஒன்றும் மிஞ்சவில்லை. சேர்வரை இனிக் கொழும்பில் வைத்திருப்பது புத்தியில்லை என்று முதலாளிமார் முடிவு செய்தார்கள். அதை லொறியில் ஏற்றி, மிளகு மூட்டைகளுக்கு நடுவே கட்டி, பலாபத்வலவுக்கு அனுப்பினார்கள். மெஷின் இருக்கிற இடத்தில் எஞ்சினியர் இருக்க வேண்டும் அல்லவா? பீரிஸ் சாருக்கு மாற்றம் வந்தது.

அவர் என்னிடம்தான் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் தனக்கு யாரையும் தெரியாது, தங்க ஓர் அறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் வாய் வரை வந்துவிட்டது, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டாங்க என்று சொல்ல. சொல்லியிருந்தால் அன்றைக்கு இனித்திருக்கும். சொல்லவில்லை, பார்க்கிறேன் சார் என்றேன்.

ஸ்டோருக்குக் கொஞ்சம் மேலே ஒரு முஸ்லிம் உம்மாவின் வீட்டில் முன்னறை காலியாக இருந்தது. வேலை முடிந்து போய்க் கேட்டேன். நல்ல வெளிச்சமான அறை, கட்டில் மேசை எல்லாம் இருந்தது. வாடகை பேசி முடித்த பிறகு உம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆளு யாரு மகள்?"

பீரிஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை.

"நம்ம ஆளு" என்றேன்.

உம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.